விளக்கத்தாள்களை மடித்து வையுங்கள், முதலில் அப்பாவிடம் கேளுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 79. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அம்மா இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார், என்னோடு வந்து இருங்கள் என்றால் மறுக்கிறார். வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆறு மாதத்தில் நன்றாக மெலிந்துவிட்டார். பிரிக்காத கடிதங்களும் கட்டாத பில்களும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. போன மாதம் குளியலறையில் விழுந்ததை என்னிடம் மறைத்துவிட்டார். முழங்கைக் காயத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பகல்நேரப் பராமரிப்பு மையம், வீட்டுக்கே உணவு கொண்டுவரும் சேவை, பணிவிடைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் என மூன்று இடங்களின் விளக்கத்தாள்கள் என் கையில் இருக்கின்றன. மையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “அங்கே கிழவர்கள்தானே இருப்பார்கள்” என்று எழுந்து போய்விடுகிறார். மருத்துவரிடம் போவதாகச் சொல்லி அழைத்துப்போய் அங்கே விட்டுவிடலாமா? தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவதோடு சரி. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்கும் முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், ஏமாற்றி அழைத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். முதியோர் நலச் சமூகப் பணியில் இருபத்து நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். என் தொடக்க காலத்தில் ஓர் அம்மையாரை, அவருடைய விருப்பத்தைக் கேட்காமலே, மகன் சொன்னதை மட்டும் வைத்து ஒரு பகல்நேர மையத்தில் சேர்த்துவிட்டேன். வாரக் கடைசியில் போய்ப் பார்த்தபோது, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வாசலை நோக்கி உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளும் அப்படியேதான் இருந்தாராம். யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை, உணவிலும் குறையில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு மகன் எங்கே கூப்பிட்டாலும் அவர் வர மறுத்தார், கண் மருத்துவரிடம்கூட. ஒரு பொய்யால் ஒரு காலை நேரத்தைச் சமாளித்துவிடலாம். அதற்கு விலையாக நாம் கொடுப்பது, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நமக்குத் தேவைப்படும் நம்பிக்கையை. உங்கள் அப்பா ஏற்கெனவே விழுந்ததை மறைத்திருக்கிறார். சொன்னால் தன் முடிவைத் தன் கையிலிருந்து பறித்துவிடுவார்கள் என்ற பயம்தான் அதற்குக் காரணமாக இருக்கும். அந்தப் பயம் சரிதான் என்று நாமே நிரூபித்துக் காட்டிவிடக்கூடாது.

இருந்தாலும் மருத்துவரிடம் போவது உண்மையாகவே அவசியம். பொய்யாக அல்ல, முதல் வேலையாக. மெலிவு, விழுதல், பிரிக்காத கடிதங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து “வயதாகிவிட்டது” என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம். எனக்கு மிகவும் கோபம் வரும் சொல் அது. இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், 1930களில், ஏழைகள் விடுதியோடு சேர்ந்த ஒரு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார். அவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததற்கு அந்த வேலை ஒரு பெரிய தொடக்கம். அவர் செய்தது ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்தது அல்ல. ஒவ்வொருவருக்கும் என்ன குறை என்று தனித்தனியாகக் கேட்டதுதான்.

உங்கள் அப்பாவுக்கும் அப்படியே கேட்க வேண்டும். மெலிவுக்குக் காரணம் பல்லாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மருந்தால் பசி மந்தப்பட்டிருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். ஒன்றரை ஆண்டுத் துயரம் உடம்பிலும் இறங்கும். கடிதங்களைப் பிரிக்காதது நினைவாற்றல் குறைவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். கண்புரையால் எழுத்துத் தெரியாமல் போயிருக்கவும் கூடும். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை முற்றிலும் வேறு. விழுந்ததைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு முறையாவது விழுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடமும் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி குறைந்தால், எழும்போது தலை சுற்றி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், கடையில் அவராக வாங்கியவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஐந்து மருந்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றும் இன்னும் தேவைதானா என்று கேட்பது உங்கள் உரிமை.

இது நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எங்கள் துறையில் இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு. ஒன்று, 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்வது, தானே உண்பது. மற்றொன்று 1969-இல் லாட்டனும் பிராடியும் தந்தது: தொலைபேசி, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது. ஒரு வாரம் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கவனித்துப் பாருங்கள். அவரால் தானே முடிவது எது, யாராவது பக்கத்தில் இருந்தால் முடிவது எது, முடியாதது எது என்று குறியுங்கள்.

இரண்டாவது பட்டியலில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு செய்தி இருக்கிறது. தொடக்கத்தில் சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது ஆகிய மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர்கள் செய்யாத வேலை என்று விட்டுவிட்டார்கள். மனைவியை இழந்த எத்தனையோ ஆண்களின் நிலை இதில் அடங்கியிருக்கிறது. அவர்களால் சமைக்க ‘முடியவில்லை’ என்று எழுதுகிறோம். உண்மையில் அவர்களுக்குப் பழக்கமில்லை. முடியாதவருக்கு உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பழக்கமில்லாதவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். உங்கள் அப்பா இதில் யார் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிகிற வரையில், முதல் பட்டியலில் அவருக்குக் குளியல் ஒன்றில்தான் ஆபத்து. மற்ற சறுக்கலெல்லாம் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது: உணவு, பணம், ஒருவேளை மருந்தும் வெளியே போவதும். அப்படியானால் பணிவிடைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் தாளை இப்போதைக்கு மடித்து வைத்துவிடலாம். தானே உடுத்திக்கொள்ளும் மனிதருக்கு உடுத்திவிட ஓர் ஆளை அமர்த்தினால், செலவோடு அவமானமும் சேரும்.

குளியலறைக்கு வேண்டியது ஆள் அல்ல, கைப்பிடி. சுவரில் உறுதியாகப் பதித்த பிடி, வழுக்காத தரைவிரிப்பு, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு ஆகியவற்றை இந்த வாரமே செய்துவிடலாம். அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டும் செயல்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னும் நல்லது. மருத்துவமனையிலோ உள்ளாட்சியின் முதியோர் பிரிவிலோ கேளுங்கள். பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதை அப்பாவை நிற்கவைத்து அளந்து சொல்வார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று கால் வலுவையும் சமநிலையையும் கூட்டி, விழுவதைக் குறைப்பதாக ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. இயன்முறை மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். விழுந்த பயத்தில் உட்கார்ந்தே இருப்பவருக்குத் தசை தளரும், தளர்ந்தால் மறுபடியும் விழுவார். அப்பா இப்போது அந்தச் சுழலின் வாயிலில் நிற்கிறார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர அழைப்புப் பொத்தானும் உண்டு. அவர் சம்மதித்தால் வாங்குங்கள், சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். ஆணியில் தொங்கும் பொத்தானை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் நிம்மதி அடைவது ஆபத்தான நிம்மதி.

இனி மையத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் அப்பாவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதியோருக்கான பகல்நேர இடங்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் பேசுகிறோம், ஆனால் அவை ஒன்றல்ல. பகல்நேரப் பராமரிப்பு மையம் என்பது மேற்பார்வை தேவைப்படுவோருக்கானது: மறதி நோய் உள்ளவர்கள், மருந்தும் கழிப்பறை உதவியும் வேண்டியவர்கள், வீட்டில் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய வரம். உடற்பயிற்சியும் சிகிச்சையும் தரும் பகல்நேர மருத்துவமனை வேறு. முதியோர் மன்றம் இன்னும் வேறு: விரும்பிய நாளில் வரலாம், சதுரங்கம் ஆடலாம், செய்தித்தாள் படிக்கலாம், மற்றவர்களோடு உட்கார்ந்து மதிய உணவு உண்ணலாம், எழுந்து போகலாம். நீங்கள் முதல் வகையின் தாளை அவரிடம் நீட்டியிருக்கிறீர்கள். ‘நான் அந்த நிலையில் இல்லை’ என்பதைத்தான் அவர் எழுந்து போவதன் மூலம் சொல்கிறார்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு கணித ஆசிரியரைப் பற்றிப் படித்தவுடன் என் மனம் அங்கேதான் போயிற்று. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வுபெற்றவர்களுக்கென ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது அடிப்படையே மாறியது. வெளியிலிருந்து பேராசிரியர் வந்து பாடம் நடத்தவில்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கணக்குச் சொல்பவர் நாளை வரலாற்று வகுப்பில் மாணவராக உட்காருவார். பல நாடுகளில் இப்போது இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. இல்லாத ஊரிலும் நூலகம் இருக்கும், மாலையில் கணக்குப் புரியாமல் திணறும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு உதவ ஆள் தேடும் தன்னார்வ அமைப்பு இருக்கும்.

முதுமை பற்றிய திட்டங்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி மறுக்கப்படுகின்றன என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை 1991-இல் முதியோருக்கான கோட்பாடுகளை வெளியிட்டபோது ஐந்து தலைப்புகள் வைத்தது: சுயசார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தன் ஆற்றலை நிறைவாக வெளிப்படுத்துவது, கண்ணியம். உங்கள் கையிலிருக்கும் மூன்று தாள்களிலும் இருப்பது பராமரிப்பு ஒன்றுதான். அதில் தவறில்லை, அது தேவைதான். ஆனால் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கொடுத்தே பழகிய ஒருவரிடம், இனிமேல் நீங்கள் பெற்றுக்கொள்வது மட்டும்தான் என்று சொன்னால் அவர் எழுந்து போகத்தான் செய்வார். கொடுக்க ஓர் இடம் கிடைத்தால், அதே மனிதர் பெற்றுக்கொள்ளவும் சம்மதிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு மாலை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லப் போகும் ஒருவர், அந்த இடத்திலேயே மற்றவர்களோடு உட்கார்ந்து உண்பார். ஒரு நாள் அவர் வராவிட்டால் யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இதையும் பொய்யாகச் செய்யக்கூடாது. உண்மையாகவே ஆள் தேவைப்படும் இடமாகப் பாருங்கள். ‘அப்பாவுக்குப் பொழுது போகட்டும்’ என்று நீங்கள் ஏற்பாடு செய்த வேலை என்பதை அவர் இரண்டே நாளில் கண்டுகொள்வார்.

உணவுச் சேவையை நான் ஒதுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் தொண்டர்கள் வீடு வீடாகச் சூடான உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் சேவைக்கு அது ஒரு முன்னோடி. பாத்திரத்தில் இருப்பதைவிடக் கதவில் விழும் தட்டலுக்கு மதிப்பு அதிகம் என்று அந்தத் தொண்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? வாசலில் வைத்துவிட்டுப் போவோம் என்றால் வேண்டாம். உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் நகர்வோம் என்றால், அவர் மன்றத்துக்குப் போகாத நாள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக உண்பவர் குறைவாகவே உண்பார், நாலு பேரோடு உண்டால் தானாகவே கூடும். மெலிந்திருக்கும் அவருக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

போகச் சம்மதித்தபின் பெரும்பாலும் திட்டத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று போக்குவரத்து. முதல் நாள் மகள் காரில் கொண்டுவந்து விடுவார், மூன்றாம் வாரம் அவருக்கு வேலை வந்துவிடும், அதோடு நின்றுபோகும். நீங்கள் இல்லாமல் அவர் போய்வர என்ன வழி என்று தீர்மானித்த பிறகே தொடங்குங்கள். மன்றத்தின் வேன், முதியோருக்கான பயணச் சேவை, அதே வழியில் போகும் மற்றோர் உறுப்பினர் என்று ஏதாவது இருக்கும். மற்றொன்று காது. ‘எனக்குக் கூட்டம் பிடிக்காது’ என்று சொல்லும் முதியவர்களில் பலருக்குக் கூட்டத்தில் பேச்சுத்தான் கேட்பதில்லை. நாலு பேர் சேர்ந்து சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை. கேள்திறன் சோதனை செய்யுங்கள். மறதி நோய்க்கான, நம்மால் குறைக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் கேள்திறன் இழப்பையும் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆய்வுக் குழு சேர்த்திருக்கிறது என்பதால், இது அவருடைய நினைவாற்றலுக்கும் நல்லது.

எந்த இடமானாலும் அப்பாவை அழைத்துப்போகும் முன் நீங்கள் ஒரு முறை, சொல்லாமல், முற்பகலில் போய்ப் பாருங்கள். எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பணியாளர் ஒரு முதியவரோடு பேசும்போது குனிந்தோ உட்கார்ந்தோ அவர் முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா, தலைக்கு மேலே நின்று பேசுகிறாரா? பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கிறாரா, குழந்தையைக் கொஞ்சுவதுபோலப் பேசுகிறாரா? கழிப்பறையைத் திறந்து பாருங்கள். யாராவது விழுந்தால் என்ன செய்வார்கள், கட்டணம் என்ன, குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். தயங்குபவர்களிடம் பெற்றோரை விடாதீர்கள்.

அப்பாவிடம் பேசும்போது ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து, நான்கு வாரம் பார்க்கலாம் என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்தியும் விடுங்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் உடன் இருங்கள். அதற்கு முன்பே அங்குள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து அவரோடு பேசிவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது; போகும் இடத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.

பில்கள் பற்றிச் சுருக்கமாக: வாரம் ஒரு நாள் அவரும் நீங்களும் சேர்ந்து இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மாதாமாதம் வருவதை வங்கி வழியாகத் தானே கட்டப்படும்படி, அவருடைய கையொப்பத்தோடு ஏற்பாடு செய்யலாம். நாளை அவரால் முடிவெடுக்க இயலாமல் போனால் யார் எடுப்பது என்பதை, தெளிவாக இருக்கும் இப்போதே, வழக்கறிஞர் முன்னிலையில் அவரே எழுதிவைக்கட்டும். அறிமுகமில்லாத யாராவது தொலைபேசியில் பணம் கேட்கிறார்களா என்றும் மெதுவாக விசாரியுங்கள். தனிமையில் இருப்பவர்களைத் தேடி வரும் மோசடிக்காரர்களின் குரல் மிகவும் அன்பாக இருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். ‘எனக்கும் முடியவில்லை’ என்பதை எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரு மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதல் வரியாகப் படித்தேன். ஒன்றரை ஆண்டாகத் தினமும் இரண்டு முறை போய்வருகிறீர்கள். உங்களுக்கும் அம்மா இறந்திருக்கிறார், அதற்காக உட்கார்ந்து அழ உங்களுக்கு நேரம் கிடைத்ததா என்று தெரியவில்லை. தம்பி தொலைவில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடாதீர்கள். அலுவலகங்களுக்குத் தொலைபேசி செய்வது, படிவம் நிரப்புவது, வங்கி ஏற்பாடு, மையங்களின் கட்டணத்தை ஒப்பிடுவது என எல்லாவற்றையும் எங்கிருந்தும் செய்யலாம். ‘உதவி செய்’ என்று கேட்டால் என்ன செய்வதென்று அவருக்குப் புரியாது. ‘இந்த வியாழக்கிழமைக்குள் இந்த மூன்று இடத்துக்கும் பேசிவிட்டுச் சொல்’ என்று கேளுங்கள். பராமரிப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் குழு பக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் விசாரியுங்கள். பராமரிப்பவருக்குச் சில நாள் ஓய்வு தருவதற்கென்றே இடைக்காலப் பராமரிப்பு என்ற சேவையும் உண்டு. இன்று தேவைப்படாது, ஆனால் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது அப்பா வீட்டுக்குப் போகாமல் இருங்கள். அந்த மாலையில் வேறு யார் அவரைப் பார்ப்பது என்பதை அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

மறுபடியும் விழுந்தால், அடுப்பை அணைக்காமல் விட்டால், தெரிந்த தெருவில் வழி தவறினால், இரண்டே வாரத்தில் எடை இன்னும் குறைந்தால், அப்போது மேற்பார்வை உள்ள பகல்நேரப் பராமரிப்பைப் பற்றி மறுபடியும் பேசலாம். அந்த விளக்கத்தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதியபின், இரண்டு பட்டியலிலும் விழுந்த குறிகளை எனக்கு அனுப்புங்கள். அப்பா எந்த வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.